12 வருடம் நின்ற சிஜே-3பி ஜீப்பை வீட்டு ஷெட்டில் மீட்பது: முதலில் எஞ்சினா, பாடியா?

போடி பக்கத்து மலைத்தோட்டத்தில் ஓடிய தாத்தாவின் 1974 மஹிந்திரா சிஜே-3பி, 12 வருடமாக ஷெட்டில் நிற்கிறது, எஞ்சின் சுற்றவில்லை, வெல்டிங் தெரிந்த ஒரு நண்பர் இருக்கிறார், வார இறுதிகளில் வீட்டிலேயே செய்ய முடியுமா, முதலில் எஞ்சினை இறக்குவதா பாடியைத் தூக்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி, வண்டியை எவ்வளவு தூரம் பிரிப்பது என்பதுதான். வீட்டில் தொடங்கிப் பாதியில் நின்ற ஜீப்புகள் பழுது கடினமானதால் நின்றவை அல்ல. முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் பிரித்துச் சாக்கில் கட்டிவைத்துவிட்டு, எந்த போல்ட் எங்கே போகும் என்று தெரியாமல் நின்றவைதான் அதிகம். என் பதில்: எஞ்சினும் வேண்டாம், பாடியும் வேண்டாம். முதலில் காகிதம், பிறகு சேஸி அளவு, பிறகு எஞ்சினை வண்டியிலேயே வைத்து விடுவிப்பது, பிறகு பிரேக்கும் ஸ்டியரிங்கும். வண்டி தானாக நகர்ந்து தானாக நிற்கும் நிலைக்கு வந்த பிறகுதான் டிங்கரிங்.

காகிதத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலை ஜீப்புகளில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் ஏற்றியவை ஏராளம். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண், சேஸி எண், எரிபொருள் மூன்றையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். பழைய பெட்ரோல் எஞ்சினில் எண், பிளாக்கின் முன்பக்கம் வாட்டர் பம்ப் அமரும் இடத்தருகே குத்தப்பட்டிருக்கும். பொருந்தவில்லை என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறான வண்டியை அனுமதி இல்லாமல் ஓட்ட முடியாது. இன்னொரு வழியும் உண்டு. 2021-இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். மறுபதிவுக் கட்டணம் 5,000 ரூபாய், புதுப் பதிவானால் 20,000, செல்லுபடி 10 ஆண்டு. 1974 வண்டி இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டது. ஆனால் சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது, அன்றாட ஓட்டத்துக்கும் பயன்படுத்த முடியாது. தினமும் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் இந்த வழி உங்களுக்கு ஆகாது, சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கத்தான் வேண்டும். இதை இப்போதே தீர்மானியுங்கள், ஏனென்றால் எந்த எஞ்சினில் பணம் போடுவது என்பதே இதை வைத்துத்தான். எப்படியானாலும் சேஸி எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து, அந்த இடத்தின் மேல் இரண்டு அடுக்கு டேப் ஒட்டுங்கள். துரு எடுக்கிறேன் என்று கிரைண்டரை ஓட்டி எண்ணை அழித்துவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் வண்டி ஷெட்டைத் தாண்டாது.

அடுத்து சேஸி. சிஜே-3பி-யின் வீல்பேஸ் 80 அங்குலம், ஏறத்தாழ 2,032 மி.மீ. முன் அச்சு மையத்திலிருந்து பின் அச்சு மையம் வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள், பிறகு ஸ்பிரிங் ஹேங்கர் (பட்டை ஸ்பிரிங்கைச் சேஸியோடு பிணைக்கும் தாங்கி) போல்ட்டுகளுக்கிடையே மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருந்தால் கவலை இல்லை. அதற்கு மேல் போனால் முதலில் ஸ்பிரிங் பட்டை நகர்ந்திருக்கிறதா, பட்டைகளை நடுவில் பிணைக்கும் சென்டர் போல்ட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் சேஸி வளைந்துவிட்டது என்ற முடிவுக்குப் போகாதீர்கள். பிறகு ஒரு சின்ன சுத்தியலால் நெடுக்கத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துரு தின்ற இடம் மந்தமாகக் கேட்கும். முன்பக்கம் பெட்டி போல மூடிய பகுதிக்குள் சேறு தங்கி உள்ளிருந்து அரிக்கும், பின் குறுக்குச் சட்டமும் ஸ்பிரிங் ஹேங்கர்களின் சுற்றுப்புறமும் அடுத்த இடங்கள். ஸ்டியரிங் பாக்ஸ் அமரும் பகுதியில் முடி அளவு விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பொடி தூவிப் பாருங்கள். விரிசலில் தங்கிய எண்ணெய் கோடாக ஊறித் தெரியும். பாடியைத் தூக்க வேண்டுமா என்பதை இந்தச் சோதனைதான் சொல்லும். மேலோட்டத் துரு மட்டும் என்றால் தூக்க வேண்டாம். ஹேங்கரோ குறுக்குச் சட்டமோ போயிருந்தால் தூக்கியே ஆக வேண்டும். படத்தை வைத்து இதை யாராலும் சொல்ல முடியாது, நான் உட்பட.

எஞ்சினுக்கு வருவோம். கீழே சொல்வது எல்லாம் மூல பெட்ரோல் எஞ்சினான எஃப்-134 ஹரிகேன் இருக்கிறது என்ற கணக்கில். 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கின் பக்கவாட்டிலும் இருக்கும். சுற்றாத எஞ்சினை ஸ்டார்ட்டர் போட்டு உலுக்குவதும், கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுப்பதும் கூடவே கூடாது. ஒட்டிய பிஸ்டன் ரிங்கு உடையும், துருப்பிடித்த சிலிண்டர் சுவர் கீறும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஆட்டோ டிரான்ஸ்மிஷன் ஆயிலும் டீசலும் சரிபாதி கலந்து 30 மில்லி அளவுக்கு ஊற்றி, குறைந்தது மூன்று நாள் விடுங்கள். பிறகு ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு விரல் அகலம் அசைந்தாலே போதும், மறுபடி ஊற்றி மறுபடி விடுங்கள். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். பின்னால் வண்டி உயிர் பெற்று, எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு தப்பிக்க அதுதான் வழி. இன்னொன்று, ஒட்டியிருப்பது எஞ்சினாகவே இருக்க வேண்டியதில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு முயலுங்கள். டைனமோ பேரிங்கோ வாட்டர் பம்ப்போ பிடித்துக்கொண்டு எஞ்சின் மேல் பழி விழுவதுண்டு.

சுற்ற ஆரம்பித்ததும் பக்கவாட்டு வால்வு மூடியைத் திறந்து, யாராவது ஹேண்டிலைச் சுற்ற, எக்ஸாஸ்ட் வால்வுகள் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். நின்ற வண்டியில் இவை கைடில் (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலில்) சிக்கித் திறந்தபடியே நிற்கும், அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷன் இருக்காது. துரு கரைப்பான் அடித்து, வால்வுத் தலையை மேலிருந்து மெல்லத் தட்டி இறக்கலாம். அதற்கு ஹெட் கழற்ற வேண்டும், இங்கேதான் பலர் ஹெட்டை உடைப்பார்கள். இந்த எஞ்சினில் இன்லெட் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. கார்புரேட்டரைக் கழற்றினால் அந்தத் துவாரத்துக்குள்ளே ஒரு ஹெட் போல்ட் ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றி, ஹெட் வரவில்லையே என்று கடப்பாரை வைத்து நெம்பினால் விரிசல் நிச்சயம். திரும்பப் பூட்டும்போது ஹெட் போல்ட்டுகளுக்கு 60 முதல் 70 பவுண்டு-அடி, நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக. டார்க் ரெஞ்சை வாடகைக்காவது வாங்குங்கள், இதற்குக் கை அளவு உதவாது.

ஹெட் வந்ததும் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கும் சிலிண்டர் துளைக்கும் நடுவே உள்ள குறுகிய பாலத்தைச் சுத்தம் செய்து பாருங்கள். தண்ணீர் குறைந்து சூடேறிய எஞ்சின்களில் அங்கே விரிசல் விடும். சந்தேகம் இருந்தால் பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், கண்ணால் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சிலிண்டரின் மேல் விளிம்பில் நகம் மாட்டும் அளவுக்கு மேடு இருந்தால் தேய்மானம் உண்டு என்று அர்த்தம், ரீபோர், அதாவது சிலிண்டரைப் பெரிதாகக் கடைவது, வேண்டுமா என்பதைத் துளையை அளக்கும் போர் கேஜ்தான் சொல்லும். ரீபோர், கிராங்க் கிரைண்டிங், ஹெட் மட்டம் எடுப்பது மூன்றும் லேத்துப் பட்டறை வேலை, வீட்டில் செய்யும் வழி இல்லை. ஆனால் ஒரு வரிசை உங்கள் கையில் இருக்கிறது: ஓவர் சைஸ் பிஸ்டனையும் அண்டர் சைஸ் பேரிங்கையும் முதலில் வாங்குங்கள், பிறகுதான் பிளாக்கையும் கிராங்கையும் பட்டறைக்கு அனுப்புங்கள். 0.030 அங்குலம் கடைந்த பிறகு சந்தையில் 0.040 மட்டும்தான் இருக்கிறது என்று தெரிவது வருத்தமான செலவு. பெட்டியில் எழுதிய அளவையும் நம்பாமல் பட்டறைக்காரரிடம் மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள்.

ஆயில் பம்ப் பிளாக்கின் வெளிப்பக்கம் இருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதும் அதன் தண்டுதான். அதனால் பம்பைக் கழற்றினால் டைமிங் போய்விடும். கழற்றும் முன் ஒன்றாம் சிலிண்டரின் பிஸ்டனை மேல் முனைக்குக் கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் நிற்கும் திசையைக் குறித்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது பம்ப்பின் கியர் ஒரு பல் தள்ளி அமர்ந்தால் வண்டி இருமும், கார்புரேட்டரில் தீப்பொறி திரும்பும், நாள் முழுக்கக் கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஃபயரிங் வரிசை 1-3-4-2, டைமிங் மேல் முனைக்கு 5 டிகிரி முன்னால், பிளக் இடைவெளி 0.030 அங்குலம், வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் இன்லெட் 0.018, எக்ஸாஸ்ட் 0.016. பாயின்ட் இடைவெளி டிஸ்ட்ரிபியூட்டரைப் பொறுத்தது: ஆட்டோலைட் என்றால் 0.020, லூகாஸ் என்றால் 0.014 முதல் 0.016.

எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும் என்றால் முன் கிரில்லையும் ரேடியேட்டரையும் எடுத்துவிட்டு முன்பக்கமாக வெளியே கொண்டுவரலாம், பாடியைத் தொட வேண்டியதில்லை. 1 டன் எஞ்சின் கிரேன் வாடகைக்குக் கிடைக்கும். ஷெட் கூரையின் ஃபேன் கொக்கியில் செயின் பிளாக் மாட்டுவது இங்கே சகஜம். தயவுசெய்து செய்யாதீர்கள், அந்தக் கொக்கி ஃபேனுக்காக வைத்தது.

பிரேக் விஷயத்தில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. நான்கு சக்கரத்திலும் டிரம், ஒரே சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர். எந்த இடத்தில் ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு பிரேக்கும் ஒன்றாகப் போகும். ஆகவே 12 வருடம் நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், எல்லா ரப்பர் ஹோஸ், எல்லா உலோகக் குழாய் என்று முழுவதும் புதிது. உள் ரப்பர்களை மட்டும் மாற்றும் கிட் போட்டு ஒப்பேற்றுவது சிலிண்டர் உட்சுவரில் குழி இல்லாதபோது மட்டும் சரி, நின்ற வண்டியில் பெரும்பாலும் குழி இருக்கும். ஏசி மெக்கானிக்கிடம் கிடைக்கும் செம்புக் குழாயைப் போடாதீர்கள். பிரேக்குக்கென்று வரும் எஃகுக் குழாயை டபுள் ஃப்ளேர் செய்து (முனையை இரட்டையாக மடித்து விரித்து) போடுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள். இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் போடலாமா என்றால், பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் விண்டேஜ் பதிவுக்குப் போகிறவராக இருந்தால் அதைப் பெரிய மாற்றம் என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்வாரா என்பது ஆளுக்கு ஆள் மாறும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சக்கரம் கழற்றும்போதே இரண்டு சிக்கல். இந்த ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடமரை, அதாவது எதிர்த்திசையில் சுற்றினால்தான் கழலும். ஸ்டட் முனையில் எல் எழுத்து இருக்கிறதா பாருங்கள். வழக்கமான திசையில் குழாய் போட்டு அழுத்தினால் இறுகி ஸ்டட் முறியும். அடுத்தது ஹேண்ட் பிரேக். அது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க டிரம்மில் இருக்கிறது. அதாவது புரொப்பல்லர் ஷாஃப்டை மட்டும்தான் பிடிக்கும். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிய கணத்தில் டிஃபரென்ஷியல் வழியாக அந்தப் பிடி போய், வண்டி உருளும். எதிர்ச் சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள், இரும்பு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹாலோ பிளாக் கல் நொறுங்கும். பின் ஹப், கூம்பு வடிவ ஆக்சில் முனையில் அமர்ந்திருக்கும். கனமான புல்லர் வேண்டும், நட்டை முழுவதும் எடுக்காமல் சில மரை விட்டு வையுங்கள், இல்லையென்றால் ஹப் விடுபடும்போது பறந்து வரும். ஆக்சில் முனையில் சம்மட்டி அடித்தால் மரையும் போகும், உள்ளே பேரிங்கும் அடிவாங்கும்.

முன் ஆக்சிலில் பந்து வடிவ நக்கிள் உருண்டையைத் துடைத்துப் பாருங்கள். துருக் குழி இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் ஒரு மாதத்தில் கிழியும். குழியை எப்பாக்சியால் நிரப்பி, நைசாகத் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே சீல். இந்த ஜீப்புகளுக்கே உரிய வாப்ளிங், அதாவது 40 கி.மீ. வேகத்தில் குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் வெடவெடவென்று ஆடுவது, பெரும்பாலும் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) பேரிங் தளர்வு, பெல்கிராங்க் (ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் நெம்புகோல்) புஷ் தேய்மானம், டை ராடு எண்டு தேய்மானம் இவற்றில் ஒன்றோ எல்லாமோ. தேய்ந்ததை மாற்றி, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) எடுத்து கிங்பின்னை இறுக்குவதுதான் வைத்தியம். ஸ்டியரிங் டாம்பர் மாட்டினால் ஆட்டம் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும்.

கியர்பாக்ஸ் டி-90, டிரான்ஸ்ஃபர் கேஸ் டானா 18. கியர் சத்தம் இல்லாமல் விழுந்தால் திறக்காதீர்கள். எண்ணெயை வடித்து, காந்தத்தில் பல் துண்டு ஒட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். பொடி பரவாயில்லை, துண்டு ஆகாது. கியர்பாக்ஸில் மட்டம் குறைந்து டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறினால் நடுவே உள்ள சீல் போய்விட்டது என்று அர்த்தம். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-5 ரக கியர் எண்ணெய் போடக்கூடாது, பித்தளை சிங்க்ரோவை அரிக்கும் என்று ஒரு வாதம் உண்டு. எல்லா ஜிஎல்-5 எண்ணெயும் அப்படியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஜிஎல்-4 90 போட்டால் அந்த வாதமே தேவையில்லை.

இனி பாடி. பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி எங்கே இருக்கிறது என்பதை ஒரு சின்னக் காந்தம் காட்டிக்கொடுக்கும். தரையும் அதன் கீழுள்ள தாங்கு சட்டங்களும் போயிருந்தால், வெட்டுவதற்கு முன் கதவு வாய்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வெல்டு செய்து பாடியைப் பிணைத்துவிடுங்கள். இல்லையென்றால் தூக்கியதும் நடுவில் வாழையிலை போல மடங்கும். தகடு 18 கேஜ், மிக் வெல்டரில் 0.8 மி.மீ. கம்பி, ஒரே ஓட்டமாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக, எதிரெதிர் மூலையில். முழுப் புதுப் பாடி வாங்கலாமா என்று கேட்பீர்கள். ஜீப் பாடிக்குப் பேர்போன ஊர் வடக்கே மண்டி டப்வாலி, அங்கிருந்து தமிழ்நாட்டுக்கும் வருகிறது. பழைய பாடியில் பாதிக்கு மேல் தகடு நன்றாக இருந்தால் நான் வாங்க மாட்டேன். புதுப் பாடியின் துளைகள் உங்கள் சேஸியோடு பொருந்த வைப்பதே தனி வேலை. பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. வெல்டிங் தொடங்கும் முன் அதை வண்டியிலிருந்தே எடுத்து வெளியே வையுங்கள், பேட்டரியையும் கழற்றுங்கள். காலி டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து, உள்ளே இருப்பது ஆவி. அதை வீட்டில் வெல்டு செய்யவே வேண்டாம்.

பெயின்ட் அடிக்கும் முன் எல்லாக் கதவும் பானெட்டும் விண்ட்ஷீல்டும் ஒருமுறை மாட்டிப் பார்த்து, துளை பொருந்துகிறதா என்று உறுதி செய்யுங்கள். பெயின்ட் அடித்த பிறகு துளையை அகலப்படுத்தினால் துரு அங்கேயிருந்துதான் திரும்ப வரும். சேஸியை பிளாஸ்டிங் கொடுக்கலாம், பாடித் தகட்டைக் கரடுமுரடான மணலில் கொடுத்தால் அலை அலையாக நெளியும். பிளாஸ்டிங் முடிந்த அன்றே எப்பாக்சி பிரைமர் இரண்டு கோட், நம்மூர் ஈரக்காற்றில் ஓர் இரவு போதும், மஞ்சள் பூத்துவிடும். பிரைமர் வரை வீட்டில் செய்யலாம். டூ-கே பியூ (ஹார்ட்னர் கலந்து அடிக்கும்) பெயின்டில் ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது, சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. அந்த ஒரு வேலையை பூத் உள்ள இடத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

மின்சாரத்தில் பழைய வயரிங்கை ஒட்டுப் போடாமல் முழு ஹார்னஸ் மாற்றுங்கள், எஞ்சினுக்கும் சேஸிக்கும் நடுவே தடித்த எர்த் ஸ்ட்ராப் மறக்க வேண்டாம். ஸ்டார்ட்டர் சோம்பலுக்குப் பாதி காரணம் அதுதான். பெட்ரோல் பக்கம், இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய ஹோஸ், ஃப்யூயல் பம்ப் டயஃப்ராம், கார்புரேட்டர் பாக்கிங் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் உப்பிக் கசியும். கம்ப்ரஷன் விகிதம் 6.9 தான், ஆக்டேன் பற்றிக் கவலை வேண்டாம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் பம்பில் எண்ணெய் நிரப்பி, பிளக் இல்லாமல் ஹேண்டிலால் கேஜ் முள் அசையும்வரை சுற்றுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஹெட் போல்ட், யூ-போல்ட், சக்கர நட் மூன்றையும் மறுபடி இறுக்கி, எண்ணெயை மாற்றுங்கள். இப்போதைக்கு நீங்கள் எழுத வேண்டியது மூன்று: ஆர்.சி.யில் உள்ள எரிபொருள் எது, மூலைவிட்ட அளவு இரண்டும் எவ்வளவு, மூன்று நாள் ஊறிய பிறகு ஹேண்டில் அசைந்ததா இல்லையா. அவை தெரிந்தால் எஞ்சினை இறக்குவதா என்பதை அப்போது பேசலாம்.